சிற்றூரில் ஒரு பள்ளிவாசல் எழுப்புவது எப்படி: புதிதாக இறங்குவோருக்கான வழிகாட்டி

தென்மாவட்டச் சிற்றூர்களைச் சுற்றிவருகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கக்கூடும். ஓட்டுக் கொட்டகை ஒன்றில் ஐந்து வேளைத் தொழுகை நடக்கும். அதற்குப் பக்கத்திலேயே பத்துப் பன்னிரண்டு கான்கிரீட் தூண்கள், தலையில் துருப்பிடித்த கம்பிகளை நீட்டிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் மழையில் நனைந்து நிற்கும். பணம் போதவில்லை என்றுதான் ஊரார் சொல்வார்கள். சற்று விசாரித்தால், பணம் தீர்வதற்கு முன்பே ஏதோ ஒன்று தவறியிருப்பது தெரியவரும்: பத்திரத்தில் வாரிசு ஒருவரின் கையொப்பம் விடுபட்டிருக்கும், அனுமதி வாங்காமலே வானம் (அடித்தளக் குழி) தோண்டியிருப்பார்கள், அல்லது எண்பது பேர் தொழும் ஊரில் ஐந்நூறு பேருக்கான வரைபடம் போட்டிருப்பார்கள்.

இராமநாதபுரம் மாவட்டத்தின் உட்பகுதியில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் கொண்ட ஒரு ஜமாஅத்தின் கட்டடக் குழுவில் நான் பொருளாளராக இருந்தேன். அந்த அனுபவத்தைக் கொண்டு, முதன்முறையாக இந்தப் பொறுப்பை ஏற்கும் ஊர் இளைஞர்களுக்காகவும், சென்னையிலோ துபாயிலோ கோலாலம்பூரிலோ இருந்துகொண்டு வசதியற்ற ஊர் ஒன்றுக்குப் பள்ளிவாசல் கட்டித்தர நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பணம் திரட்டுவதைவிட வேலைகளின் வரிசை தவறாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினமானது என்பது என் முடிவு.

முதலில் தேவையை அளவெடுங்கள்

அருகிலுள்ள பள்ளிவாசல் எவ்வளவு தூரம், அதுவரை நடக்க இயலாதவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் ஓதுவதற்கு மக்தப் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து வேளைத் தொழுகைக்கான வக்துப் பள்ளி போதுமா, வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகையான ஜும்ஆவும் நடக்கும் ஜும்ஆ பள்ளி வேண்டுமா என்பதையும் மார்க்க அறிஞர்களான உலமாக்களோடு அமர்ந்து முடிவு செய்ய வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) ஜும்ஆவுக்கு ஊரில் நிலையாக வாழும் நாற்பது ஆண்கள் தேவை. ஹனஃபி மத்ஹபில் தொழுகை நடத்தும் இமாமைத் தவிர மூவர் இருந்தால் போதும் என்பதால், ஷாஃபிஈகள் மிகுந்த கடற்கரை ஊர்களிலும் ஹனஃபிகள் மிகுந்த உள்நாட்டு ஊர்களிலும் இந்த முடிவு வேறுபடலாம். சில ஊர்களுக்குப் புதுக் கட்டடமே தேவைப்படாது. 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு, சுவர் உறுதியாக நின்ற ஊர்களில் தேவைப்பட்டது ஒரு நல்ல கூரைதான்.

ஒருவர் தொழுவதற்கு இரண்டடி அகலமும் நான்கடி நீளமும், அதாவது எட்டுச் சதுர அடி வேண்டும். முப்பதடி அகலமுள்ள கூடத்தில் ஒரு ஸஃப்புக்கு (தொழுகை வரிசைக்கு) பதினைந்து பேர் நிற்பார்கள். ஏழு ஸஃப்புகளுக்கு இருபத்தெட்டு அடி ஆழம். ஆக, நூற்றைந்து பேர் தொழ 840 சதுர அடி. மிஹ்ராபும் (இமாம் நிற்கும் மாடமும்) நடைபாதையும் சேர்த்து ஏறத்தாழ 1,000 சதுர அடி. பெண்களுக்குத் தனியிடம் ஒதுக்குவதானால் அதைத் தொடக்கத்திலேயே வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள். பின்னால் தடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று விட்ட இடங்களில் அது கடைசிவரை தடுப்பாகவே இருந்துவிடுகிறது. பெருநாள் கூட்டத்தைக் கணக்கில் கொள்ள வேண்டாம். பெருநாள் தொழுகையைத் திடலில் தொழுவதே நபிவழி. ஆண்டுக்கு இரண்டு நாள் கூட்டத்துக்காக ஆண்டு முழுவதும் வெறுமையாகக் கிடக்கும் கூடத்தைக் கட்டிவிட்டு, அதற்கு வெள்ளையடிக்கவும் வழியில்லாமல் திண்டாடும் ஊர்களை நான் அறிவேன்.

நிலமும் பத்திரமும்

மதீனாவில் நபிகளார் பள்ளிவாசல் கட்டத் தேர்ந்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. இலவசமாகத் தர அவர்கள் முன்வந்தபோதும் அதை ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. நிலம் தர ஒருவர் முன்வந்தவுடன் “அல்லாஹு அக்பர்” என்று தக்பீர் முழங்கிவிட்டுக் கலைந்துபோகும் நம் கூட்டங்களில் இந்தச் செய்தியை ஒருமுறை வாசித்துக் காட்டலாம். தருபவருக்குத் தருவதற்கான முழு உரிமை இருக்கிறதா, அவருடைய மக்களுக்கும் உடன்பிறந்தாருக்கும் அதில் பங்கு உண்டா என்பதை மரியாதையோடு, ஆனால் விடாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மரணப் படுக்கையில் இருப்பவர் தரும் கொடையும், வஸிய்யத்தாக எழுதி வைப்பதும், வாரிசுகள் ஒப்பினாலன்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது என்ற மார்க்கச் சட்டமும் நினைவில் இருக்கட்டும்.

தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேட்டு (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) நகல், புலப்படம் ஆகிய ஐந்தையும் வாங்கி, ஊருக்கு வெளியே உள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். உள்ளூர் வழக்கறிஞர் என்றால் யாருக்காவது உறவாக இருப்பார். நீர்நிலைப் புறம்போக்கு, பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கியது), கோயில் இனாம் நிலம் என்று சிறிது சந்தேகம் எழுந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பொதுத் தெரு, பூங்கா போன்ற பொது இடங்களில் வழிபாட்டுத் தலம் எதையும் புதிதாக எழுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரிலேயே ஆணையிட்டிருக்கிறது.

அடுத்தது வக்ஃப் பத்திரம், அதாவது சொத்தை இறைவழியில் நிரந்தரமாக ஒப்படைக்கும் ஆவணம். முன்பெல்லாம் பெரியவர் ஒருவர் ஜும்ஆ முடிந்து எழுந்து, "இந்த இடத்தை அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டேன்" என்று சொன்னாலே போதும் என்றிருந்தது. நம் பகுதியின் பழைய பள்ளிகளில் பாதிக்கு இதுதான் ஆவணம். 1995ஆம் ஆண்டு வக்ஃப் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2025 ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, பத்திரம் எழுதாமல் புதிய வக்ஃபை ஏற்படுத்த முடியாது. அத்திருத்தத்தின் சில பிரிவுகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று இடைக்காலமாக நிறுத்திவைத்திருப்பதால், எழுதுவதற்கு முன் தமிழ்நாடு வக்ஃப் வாரிய அலுவலகத்தில் அன்றைய நடைமுறையைக் கேட்டுக்கொள்வது நல்லது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ததோடு நிறுத்தாமல் வாரியத்திலும் பதிவு செய்ய வேண்டும்.

பத்திரத்தில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஓர் இடம் மஸ்ஜித் (பள்ளிவாசல்) என்று ஆகிவிட்டால், கீழே பூமியிலிருந்து மேலே வானம்வரை அது மஸ்ஜிதுதான் என்பது ஹனஃபி உலமாக்களின் நிலை. பின்னாளில் முகப்பில் இரண்டு கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம், மாடியில் இமாமுக்கு வீடு கட்டலாம் என்ற எண்ணம் இருந்தால், எந்தப் பகுதி மஸ்ஜித், எந்தப் பகுதி மஸ்ஜிதின் சொத்து என்பதைத் தொடக்கத்திலேயே அளவோடு எழுதிவிட வேண்டும். எங்கள் ஊரில் ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) இதைச் சொன்னபோது, எதற்கு இவ்வளவு நுணுக்கம் என்று சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இன்று அந்தக் கடைகளின் வாடகையில்தான், தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்லும் மோதினாருக்குச் சம்பளம் போகிறது.

அனுமதி

தமிழ்நாட்டில் பொது வழிபாட்டுக்கான கட்டடம் எழுப்ப, உள்ளாட்சியின் கட்டட அனுமதி மட்டும் போதாது. மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியும் வேண்டும். பொது அமைதிக்குக் கேடு வரும் என்று கருதினால் அவர் மறுக்கலாம். விண்ணப்பத்தின் பேரில் வருவாய்த் துறையிடமும் காவல் துறையிடமும் அறிக்கை கேட்கப்படும். கிராம நிர்வாக அலுவலர் வந்து பக்கத்து வீடுகளில் விசாரிப்பார். அவர் வருவதற்கு முன்பே நீங்கள் அந்த வீடுகளுக்குப் போயிருக்க வேண்டும். ஊர்த் தலைவரையும் கோயில் நிர்வாகிகளையும் நேரில் பார்த்து, வரைபடத்தை விரித்துக் காட்டி, திருவிழா ஊர்வலம் போகும் பாதை எது, மழைநீர் எங்கே வடிகிறது என்று அவர்களையே கேளுங்கள். எங்கள் சுற்றுச்சுவரை மூன்றடி உள்ளே தள்ளிக்கொண்டது அப்படியொரு பேச்சில்தான். ஆட்சேபணை மனு ஒன்றுகூட வரவில்லை. ஏற்கெனவே தொழுகை நடக்கும் கொட்டகையை இடித்துக் கட்டுவதானாலும் அனுமதி கேட்டு எழுதிவிடுங்கள். மாதங்கள் ஆகலாம். அதுவரை வசூலைத் தொடங்கலாமே தவிர, கல் இறக்கக்கூடாது.

ஒலிபெருக்கிக்கும் தனி அனுமதி உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை வெளியே கேட்கும்படி ஒலிபெருக்கி வைக்க முடியாது என்பதால், விடியற்காலை ஃபஜ்ரு பாங்குக்கு உள் ஒலிபெருக்கிகளுக்கான கம்பியைச் சுவர் பூசுவதற்கு முன்பே இழுத்துவிடுங்கள்.

பணம்: எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது

முதலில் மார்க்க வரம்பு. ஜகாத் (வசதியுள்ளோர் கட்டாயமாகத் தர வேண்டிய பங்கு) பணத்தைப் பள்ளிவாசல் கட்டச் செலவிடக்கூடாது என்பது நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை நிலை. ஜகாத்துக்கு உரிய எட்டு வகையினரைக் குர்ஆன் (9:60) எண்ணிச் சொல்லியிருக்கிறது, அதில் கட்டடம் இல்லை என்பது அவர்களின் வாதம். ரமலானில் வெளியூர் நண்பர் ஒருவர் பெருந்தொகை அனுப்பினால், இது ஜகாத்தா, ஸதகாவா (விருப்பக் கொடையா) என்று கேட்டு எழுதி வாங்கிய பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும். ஜகாத் என்றால் ஊரில் உள்ள ஏழைகளுக்குத் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். வங்கிக் கணக்கில் சேரும் வட்டியையும் கட்டட நிதியில் கலக்காமல் தனியே குறித்து வைத்து, என்ன செய்வதென்று உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நாட்டுச் சட்டம். ஜமாஅத்தின் பெயரில் பான் அட்டை எடுத்து, கட்டட நிதிக்கென்றே தனி வங்கிக் கணக்கைத் தொடங்கி, மூவரில் இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மார்க்கப் பணிக்கு மட்டுமான கொடைக்கு, 80ஜி என்று பரவலாக அறியப்படும் வருமான வரிச் சலுகை பொதுவாகக் கிடைக்காது என்பதைக் கேட்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடுத்த பிறகு தெரிந்தால் மனக்கசப்பு வரும்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் நல்ல மனிதர்கள் அறியாமல் சிக்கிக்கொள்கிறார்கள். துபாயிலோ ஜித்தாவிலோ வேலை பார்ப்பவர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்த வருமானத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது; அவருடைய இந்தியக் கடவுச்சீட்டு நகலை வாங்கிக் கோப்பில் வைத்தால் போதும். அவருடைய மாமா மலேசியக் குடியுரிமை பெற்றவராக இருந்தால், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவராயினும், அவர் தரும் நூறு ரிங்கிட்டும் வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு கிடைக்க மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும் என்பதால், புதிய சிற்றூர் ஜமாஅத்துக்கு அது எட்டாக்கனி. கொடையாளர் இன்னார், தொகை இவ்வளவு, வேலை இது என்று குறித்துக் கேட்கும் முன் அனுமதிதான் திறந்திருக்கும் வழி. பதிவு பெற்ற வேறோர் அறக்கட்டளை வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு கூடாது. "உண்டியல்ல அனுப்பிர்றேன் மச்சான், நாளைக்குக் காலையில கையில இருக்கும்" என்று, வங்கிக்கு வெளியே சட்டவிரோதமாகப் பணம் மாற்றும் வழியை அன்போடு சொல்பவர்களுக்கு, வேண்டாம் என்று அதே அன்போடு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, எப்படிக் கேட்பது? மொத்தத் தொகையைச் சொன்னால் சிறிய கை பின்வாங்கிவிடும். சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று கொத்தனார் கணக்குச் சொன்னால், 1,000 சதுர அடிக்கு 22 லட்சம் ஆகிறது. ஆனால் ஒருவர் தொழும் எட்டுச் சதுர அடியின் விலை 17,600 ரூபாய்தான். ஒரு முஸல்லா (ஒருவர் தொழும்) இடம் இவ்வளவு, ஒரு மூட்டை சிமெண்ட் இவ்வளவு, நூறு செங்கல் இவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். பறவை முட்டையிடும் கூட்டின் அளவே ஆனாலும் அல்லாஹ்வுக்காகப் பள்ளி கட்டியவருக்குச் சுவனத்தில் வீடு உண்டு என்ற நபிமொழி இப்னு மாஜாவில் இருக்கிறது. முழுப் பள்ளியையும் ஒருவரே கட்டினால்தான் நன்மை என்ற எண்ணத்தை அது போக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து ஊர்களுக்குப் போய் ஜும்ஆ முடிந்து துண்டு ஏந்துவது இன்றும் நல்ல வழிதான். முன்கூட்டியே அந்த ஊர் நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். அங்கேயே, அவர்கள் கண்முன் எண்ணி, தொகையைப் பலகையில் எழுதிவிட்டு வாருங்கள்.

ரசீதைப் பற்றி ஒன்று. எங்கள் ஊரில் தீப்பெட்டிக் கட்டு ஒட்டிப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர், முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டி, "ரெண்டு கல்லுக்குக் காணுமா தம்பி இது?" என்று கேட்டார். இருபது ரூபாய்க்கு ரசீதா என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த வெள்ளி, சுவரில் ஒட்டியிருந்த வரவு செலவுத் தாளில் தன் பெயரை ஒரு பள்ளிச் சிறுமியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மூன்று நாளில் தன் மகளையும் பேத்தியையும் அழைத்து வந்தார். வாராவாரம் கணக்கை ஒட்டத் தொடங்கிய பிறகு நாங்கள் யாரிடமும் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. சிமெண்ட், கம்பி, ஜல்லி என்று பொருளாகத் தருவோருக்கு வேறு நிறத்தில் தனி ரசீதுப் புத்தகம் அச்சடித்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். மொத்தத்தையும் ஒரே தவணையில் கொடுத்துவிடாதீர்கள். பத்திர நகலையும் ஆட்சியரின் அனுமதிக் கடிதத்தையும் பார்த்த பிறகு முதல் தவணை, பேஸ்மென்ட் (தரைமட்ட அடித்தளம்) முடிந்ததும் அடுத்தது, லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேலுள்ள விட்டம்) மட்டத்தில் அதற்கடுத்தது என்று வையுங்கள். உங்கள் தந்தையாரின் பெயர்ப் பலகை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால் ஊருக்கு உதவியாக இருக்கும்.

கிப்லாவும் கட்டுமானமும்

நம் நாட்டில் கிப்லா, அதாவது தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் கஅபாவின் திசை, நேர் மேற்கு என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. சென்னையில் கிப்லா மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை. இராமநாதபுரம் பக்கம் சுமார் 22 பாகை. நெல்லையில் 23 பாகைக்கும் மேல். கைப்பேசித் திசைகாட்டியைக் கம்பிக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது மனம்போன போக்கில் காட்டும். நம்பகமான வழி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் மே 27 அல்லது 28 அன்று இந்திய நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 15 அல்லது 16 அன்று 2.57க்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கும். அந்த நிமிடத்தில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் நூலின் நிழல் தரையில் விழும் கோட்டைச் சுண்ணாம்பால் வரைந்தால், நிழலுக்கு எதிர்ப்புறம், சூரியனை நோக்கிய திசையே கிப்லா. மேகம் மறைத்தால் மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள்; பெரிய வேறுபாடு இராது. நாங்கள் ஐந்து பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உச்சி வெயிலில் நின்றதை ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

மனை தெருவுக்கு நேராகவும் கூடம் சாய்வாகவும் அமைவதால் மூலைகளில் முக்கோணங்கள் மிஞ்சும். ஒளு செய்யும் (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும்) இடம், செருப்பு வைக்கும் இடம், பொருளறை ஆகியவற்றை அங்கே அடக்கலாம். தண்ணீர் குறைவான ஊரில் பெரிய ஹவுள் (நீர்த்தொட்டி) கட்டுவதைவிட, உட்கார்ந்து ஒளு செய்யும் திண்டும் குழாய்களும் சிக்கனம். அந்தத் தண்ணீரை நான்கு தென்னைகளுக்குத் திருப்பிவிட்டால் காய் வருமானமும் உண்டு. கழிவறைத் தொட்டி கிணற்றை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

குப்பாவும் (குவிமாடமும்) மினாராவும் (கோபுரமும்) முதல் வரைபடத்தில் வேண்டாம் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய கல் பள்ளிகளைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கோயில் மண்டபங்களை எழுப்பிய அதே தமிழ்க் கல்தச்சு மரபில், செதுக்கிய தூண்களும் தட்டையான கல் கூரையுமாக அவை நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. மதீனாப் பள்ளிக்குப் பேரீச்ச மரத் தண்டுகளே தூண்கள், ஓலையே கூரை. மழை பெய்த ஓர் இரவில் அது ஒழுகி, நபிகளாரின் நெற்றியில் ஈர மண் ஒட்டியிருந்ததைத் தோழர்கள் பார்த்திருக்கிறார்கள். மினாரா பின்னால் வேண்டுமென்றால் அதற்கான அடித்தளத்தை மட்டும் பொறியாளரைக் கேட்டு இப்போதே போட்டுக்கொள்ளலாம்.

வேலையை நிறுத்தினாலும் கெட்டுப்போகாத கட்டத்தில்தான் நிறுத்த வேண்டும். பேஸ்மென்ட்டோடு நிற்கலாம். தூணை எழுப்பிக் கம்பியை நீட்டிவிட்டு நிற்கக்கூடாது. தளம் போடுவதற்கான முழுத் தொகையும் கணக்கில் இருந்தால் மட்டுமே தூண் வேலையைத் தொடங்குங்கள். தளத்தை ஒரே நாளில், ஒரே மூச்சில் போட வேண்டும், அதன்பின் நாள் தவறாமல் நீராற்ற வேண்டும். இலவசமாக வருகிறதே என்று ஐப்பசியில் நூறு மூட்டை சிமெண்ட் இறக்கி, அதில் பாதி கல்லாகிப் போனதை நாங்கள் பார்த்தோம். கடைக்காரரிடம் முன்பணம் கட்டி வரவு வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுப்பதே சரி.

தொழுகை தொடங்கிய பிறகு

திறப்பு விழாவுக்கு முன்பே இமாம், மோதினார் சம்பளத்துக்கும் மின் கட்டணத்துக்கும் ஓராண்டுத் தொகையை ஒதுக்கி வையுங்கள். மின் இணைப்பை வழிபாட்டுத் தலங்களுக்கான தனிக் கட்டண வகையில் கேட்டு வாங்குங்கள். கட்டுமானக் காலத்தின் தற்காலிக இணைப்பிலேயே ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்ற மாதச் சந்தாவை, தர இயலாதவரின் பெயரை வெளியிடாமல், நடத்துங்கள். வாரியத்துக்கு ஆண்டுக் கணக்கை ஒப்படைப்பதும், நிகர வருமானத்தில் அதிகபட்சம் 5 விழுக்காடு வரையிலான பங்களிப்பைக் கட்டுவதும் வக்ஃபை நிர்வகிக்கும் முத்தவல்லியின் கடமை. பதிவு ஒழுங்காக இருந்தால், பழுதுபார்ப்புக்கான அரசு மானியத்துக்கு வாரியத்தின் வழியாக விண்ணப்பிக்கவும் வழியிருக்கும்.

எங்களுக்குக் கடைசியில் 61,000 ரூபாய் மிஞ்சியது. அதை எடுத்து இமாமுக்கு ஓர் அறை கட்டலாம் என்றபோது, கட்டடத்துக்கென்று வாங்கிய பணத்தைக் கொடுத்தவரின் நிய்யத்துக்கு (எண்ணத்துக்கு) மாறாகச் செலவிடலாமா என்று ஹஜ்ரத் கேட்டார். கொடுத்தவர்களைத் தேடிப் பிடித்து ஒப்புதல் வாங்கவே இரண்டு மாதம் ஆயிற்று. ஆகவே ரசீதை அச்சடிக்கும் நாளிலேயே, "பள்ளிவாசல் கட்டடத்துக்கும், மிஞ்சினால் அதன் பராமரிப்புக்கும் ஏனைய தேவைகளுக்கும்" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.